துரை கை வைத்தால் எழும்பாத ஹூட்

முப்பதுகளின் கடைசியில், கண்டியில் நான் கராஜ் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய கார். சுவிச்சை அழுத்தினால் போதும், சீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் உறுமும். மடிந்து கிடக்கும் கன்வஸ் ஹூட் தானாக எழும்பி வந்து தலைக்கு மேல் மூடிக்கொள்ளும். சுபஹானல்லாஹ்! மற்றக் கார்களில் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிற வேலை அது.

அந்த ஹூட்தான் பாதியில் நின்றுவிடுகிறதாம். டிரைவர் ஆரோக்கியம் காரைக் கொண்டுவந்தது அது மூன்றாவது தடவை. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், வயர்களைத் தடவிப் பார்த்தேன், பெட்டரியைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. சுவிச்சைத் தொட்டால் ஹூட் சமர்த்தாக எழும்புகிறது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "காரா இது, ஷைத்தானா?" என்று ஸ்பனரை வீசினேன்.

ஆரோக்கியத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நேத்து கிளப்பு வாசல்ல தொரையும் தொரைசானியும் தொப்பலா நனைஞ்சிட்டாங்க காசிம் நானா. நான் கை வெச்சா ஏறுது, தொரை கை வெச்சா நிக்கிது. நான்தான் ஏதோ பண்ணி வெக்கிறேன்னு நெனைக்கிறாரு. இன்னைக்கும் பழுது இல்லேன்னு நீங்க சொல்லிட்டா, எனக்கு வேல இல்ல. லயத்து வீட்டையும் விடணும். புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

எங்கள் போர்மன் செல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆரோக்கியம், துரை எப்பிடிக் கார் ஓட்டுறவர்?"

"நல்லாத்தான் ஓட்டுவாருங்க ஐயா. எறக்கம் வந்தா எஞ்சின நிப்பாட்டிருவாரு. காரு சத்தமில்லாம போறதுல அவருக்கு அப்படியொரு ஆச."

"அப்ப லைட்?"

"பனி மூட்டத்துல லைட்டு எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். வளைவுக்கு வளைவு ஹோர்ன் வேற."

எனக்குப் பொறி தட்டியது. எஞ்சின் நின்றால் டைனமோவும் நிற்கும், பெட்டரி சார்ஜ் ஆகாது. தோட்டத்திலிருந்து கண்டிவரை இறக்கம் இறக்கமாக லைட்டும் ஹோர்னும் பெட்டரியைக் குடித்துவிட்டால், ஹூட் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஆரோக்கியம் எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டி வருவதால்தான் எங்களிடம் வரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

"பிடிபட்டுட்டு! இப்பவே துரைக்குப் போன் போட்டுச் சொல்லுவோம்!" என்று குதித்தேன்.

"பொறும் காசிம்," என்றார் போர்மன். "ஆர் சொன்னது எண்டு துரை கேப்பார். டிரைவர் தன்னைப் பற்றிக் கோள் சொல்லிப்போட்டான் எண்டு நினைப்பார். ஹூட் எழும்பும், இவன்ரை வேலை போயிடும். நாங்களே போய்ப் பாப்பம்."

அன்று மாலையே மூவரும் தோட்டத்துக்கு ஏறினோம். கண்டிவரை ஓட்டிக் காட்டும்படி போர்மன் கேட்க, திரும்பும்போது துரை ஓட்டினார், போர்மன் முன்னால் இருந்தார். பின்னால் குறுகலான சீட்டில் நானும் ஆரோக்கியமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். முதல் இறக்கத்திலேயே துரை எஞ்சினை நிறுத்தினார். "கேளு மேன், சத்தமே இல்லே!" என்றார் பெருமையாக. பனி மூட்டத்தில் லைட் எரிந்தது, ஹோர்ன் அலறியது. போர்மன் பாதையைப் பார்த்தபடி வந்தார். எனக்குத்தான் நாக்கு துருதுருத்தது.

கண்டி வாவிக் கரைக்கு வந்ததும் தூறல் விழுந்தது. துரை சுவிச்சை அழுத்தினார். ஹூட் பாதி எழும்பி, முனகி, நின்றது. துரை திரும்பி ஆரோக்கியத்தை முறைத்தார். ஆரோக்கியம் என் பக்கமாக ஒடுங்கினார்.

போர்மன் ஆங்கிலத்தில் பேசினார். "சேர், இவ்வளவு அழகாக மலை இறங்கி நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் எஞ்சின் தூங்கினால் பெட்டரிக்குச் சாப்பாடு போட ஆளில்லை." பெட்டரி மீட்டரில் விழுந்து கிடந்த முள்ளைக் காட்டினார். ஆரோக்கியம் இறங்கி, காரின் முன்பக்கத்தில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. துரை அக்சிலரேட்டரை மிதிக்க, சற்று நேரத்தில் ஹூட் மெதுவாக எழும்பி எங்கள் தலைக்கு மேல் மூடியது.

"இது ஆரோக்கியம் சொன்னதா?" என்றார் துரை.

"வழி நெடுக எஞ்சின் சத்தத்தைத் தேடினேன் சேர். என் காதுதான் சொன்னது."

துரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, போர்மனைப் பின் சீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு அந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "ஆரோக்கியம், பிழை நம்பள்து. வா, நீ ஓட்டு."

நனைந்த சட்டையோடு ஆரோக்கியம் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ கெட்டிக்கார மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். செல்லையா போர்மனைப் போல் ஒருவரைப் பார்க்கவில்லை. பழுதைக் கண்டுபிடித்ததும் கத்துவது என் சுபாவம். அன்றைக்குப் பிறகு, வாயைத் திறக்கும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளப் பழகினேன். கராஜுக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.