ராஜகிரிப் பாலத்தில் போட்ட தூண்டில்

சனிக்கிழமை மாலை 4.20. திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து செஞ்சி வண்டி கிளம்பியது. தூரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். நாங்கள் மூன்று பேர், திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஏழுமலை மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கடலுக்குப் போகிறவன். பஷீர் புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரன், ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. திங்கள் இரவு சென்னையிலிருந்து அவனுக்கு விமானம். புதன்கிழமை வேலையில் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். போவதற்குள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியைப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களைக் கிளப்பியவனும் அவன்தான்.

பஷீரின் முதுகில் பெரிய பை, இடுப்பில் வாரோடு ஒரு சின்னப் பை. சின்னதில் பாஸ்போர்ட் இருந்தது. அவனுடைய முதல் கம்பெனி அதை வாங்கி ஆறு வருடம் பூட்டி வைத்திருந்தது. கைக்குத் திரும்பி வந்த பிறகு அவன் அதை வீட்டு அலமாரியில்கூட வைப்பதில்லை.

"மலைக்கு எதுக்குடா பாஸ்போர்ட்டு? மேல எமிகிரேஷன் கீதா?" என்றான் ஏழுமலை.

"அது எங்கிட்ட இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நீ வாய மூடிக்கினு வா."

செஞ்சியில் மூன்று கட்டில் போட்ட அறை 1,200 ரூபாய். பஷீர் இடுப்புப் பையோடுதான் படுத்தான்.

ஞாயிறு காலை 9.00. கோட்டைக்குள் போக ஆளுக்கு 25 ரூபாய். அடிவாரத்தில் வெள்ளரிக்காய் விற்ற பெண் எங்கள் மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"தீனி எதுனா கீதாங்க பையில? கொரங்கு பேஜாரு பண்ணும். இறுக்கிப் புடிச்சிக்கினு போங்க."

ராஜகிரியின் உயரம் சுமார் எண்ணூறு அடி. ஏட்டில் சின்ன மலை, முழங்காலுக்கு அப்படியல்ல. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. சிலவற்றில் கையூன்றித்தான் ஏற முடிகிறது. இருபுறமும் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல் உருண்டைப் பாறைகள். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம்.

10.40. உச்சிக்கு முந்தைய பிளவை அடைந்தோம். அகலம் இருபது அடிக்கு மேல், ஆழம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குறுக்கே மரப்பாலம். பஷீர் பாலத்தில் உட்கார்ந்து, இடுப்புப் பையைக் கழற்றி மடியில் வைத்துத் திறந்தான். பாஸ்போர்ட்டோடு பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் அதற்குள் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குரங்குக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து வந்து பையோடு பறித்துக்கொண்டு எதிர்ப் பாறைக்குத் தாவியது.

ஏழுமலை அடிவாரத்தில் வாங்கிய வெள்ளரித் துண்டுகளை வீசினான். குரங்கு பொட்டலத்தை வைத்துக்கொண்டு பையைப் போட்டது. பை பிளவுக்குள் விழுந்து, இருபது அடி கீழே பாறையிடுக்கில் வளர்ந்த செடியில் வார் மாட்டித் தொங்கியது. பாஸ்போர்ட்டின் மூலை வெளியே தெரிந்தது.

பஷீர் கைப்பிடியைத் தாண்டிக் காலை வைத்தான். இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்தோம்.

"வுடுடா! நாளைக்கு ராத்திரி பிளைட்டு!"

"கீழ போய்ட்டா பிளைட்டு எதுக்குடா?" என்றான் ஏழுமலை.

சத்தம் கேட்டு மேலிருந்து காவலாளி இறங்கி வந்தார். "எறங்கற வேலையெல்லாம் வச்சிக்காதீங்கப்பா. போன் போட்டு ஆள வரச் சொல்லணும். காத்து அடிச்சா அதுக்குள்ள பை அடியிலதான் கெடக்கும்."

ஏழுமலை தன் பையைக் கவிழ்த்தான். துண்டு, தீப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவில் நைலான் நரம்புச் சுருள், தூண்டில் முள், ஈயக்குண்டு. படகுக்கு எடுத்துப் போகும் பை அது. அப்படியே தூக்கி வந்திருக்கிறான். பாலத்தில் குப்புறப் படுத்து, பலகை ஓரமாக நரம்பை இறக்கினான். பஷீர் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

முதல் முறை காற்று முள்ளைப் பாறைப்பக்கம் தள்ளியது. இரண்டாம் முறை முள் செடியின் இலையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பை ஒரு சாண் சரிந்தது.

"ஜல்திடா," என்றான் பஷீர்.

"ஜல்தின்னா மீனே வராது. காத்து வுடட்டும்."

நான்கு நிமிடம் அசையாமல் கிடந்தான். காற்று நின்றதும் முள்ளை வாருக்கு அடியில் விட்டு மணிக்கட்டை மட்டும் சுண்டினான். நரம்பு விறைத்தது. பிறகு கைமாற்றிக் கைமாற்றி, அவசரமே இல்லாமல் ஏற்றினான். பாஸ்போர்ட் அட்டையில் ஒரு நகக்கீறல். உள்ளே ஒவ்வொரு பக்கமும் சுத்தம். பஷீர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான். காவலாளி குனிந்து, "நல்ல மீனுதான்" என்றார்.

11.35. உச்சி. மூன்று குன்றுகளைச் சுற்றி ஓடும் மதில் மொத்தமும் தெரிகிறது. அதற்கு வெளியே நெல், கரும்பு, ஏரி. கடைசி மேடைக்கு இரண்டு கைகளாலும் பற்றித்தான் ஏற வேண்டும். பஷீர் ஒரு கணம் நின்றான். பிறகு இடுப்புப் பையை அவிழ்த்து ஏழுமலையின் கழுத்தில் மாட்டிவிட்டு மேலே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை 5.15. திண்டிவனம். மரக்காணம் வண்டி ஒருபக்கம் உறும, புதுச்சேரி வண்டி மறுபக்கம் நின்றது. பஷீர் படியில் ஏறிக் கையசைத்தான். ஏழுமலை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"டேய், இத வாங்கிக்கினு போடா. நாளைக்கு நானா ஷார்ஜா போறது?"