அக்கா திரும்பக் கேட்ட ஆறு சக்கரங்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி நான் வணக்கம் சொல்கிறேன். தங்கைதான் எழுதுவதாக இருந்தது. நான்கு வரி எழுதிவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா காப்பாரில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து வீட்டில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அக்கா ஐந்தாம் படிவம் முடித்த வருடம் அப்பா இறந்தார். மேலே படிக்க இடம் கிடைத்தும் அக்கா போகவில்லை. கிள்ளானில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பெண்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குத்தான் அனுப்புவார்கள். அக்கா உலோகம் கடையும் லேத் வேண்டும் என்று கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்தார். அக்கா மூன்று மாதம் விடாமல் கேட்டார். தொல்லை தாங்காமல் கொடுத்தார்கள். பதினெட்டு ஆண்டு அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றார். என்னையும் தங்கையையும் படிக்க வைத்ததும், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அந்தச் சம்பளம்தான்.

தொழிற்சாலை மூடப்பட்டபோது அக்கா ஒரு பழைய லேத்தை வாங்கி, கிள்ளான் வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தார். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சைக்கிள் ஓட்டும் ஒருவர், எங்கும் கிடைக்காத ஒரு பழைய ஹப்பைக் கொண்டுவந்தார்.

"இத மாதிரி செய்ய முடியுமா அக்கா?"

"விட்டுட்டுப் போ. பாக்குறேன்."

அப்படித்தான் ஆரம்பம். சக்கரத்தின் நடுவில் அச்சைத் தாங்குகிற பாகம் ஹப். அதன் இரண்டு விளிம்பிலும் சேர்த்து முப்பத்திரண்டு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. அக்கா ஹப்பைக் கடைந்து, துளை போட்டு, கம்பி கோத்து, கோட்டம் எடுத்து முழுச் சக்கரமாகக் கொடுப்பார். ஓட்டுகிறவரின் எடை, போகும் சாலை எல்லாம் கேட்டுத்தான் கட்டுவார். ஹப்பின் நடுவில் மூன்று மெல்லிய கோடுகள் போட்டு, பக்கத்தில் வரிசை எண் குத்துவார். வாங்கியவர் பெயரை அந்த எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் எழுதிவைப்பார்.

பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அக்காவின் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பாசிக்கல் வேல?" என்று சைக்கிள் வேலையைக் குறைசொல்லி உறவில் சிலர் என்னிடமே கேட்டார்கள். அவர்களில் மூன்று பேராவது இன்று வந்திருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அக்காவுக்கு உங்கள்மேல் கோபம் இருந்ததில்லை. எனக்கு இருக்கிறது.

அக்காவின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. துளை போட்டதும் அதன் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கையால் எடுத்து ஓரத்தை உருட்ட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியின் கழுத்து ஒழுங்காக உட்காராது. ஓட ஓட ஆடி, ஒரு நாள் அறுந்துவிடும். முன் சக்கரத்தில் இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து போனால், வேகமாகப் போகிறவர் மண்டை உடையும். பழைய தொழிற்சாலையில் பிசிறு பார்க்கப் பஞ்சைத் தேய்ப்பார்கள். பிசிறு இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். அக்கா பஞ்சைத் தொடமாட்டார். வலது கைச் சுண்டுவிரலை ஒவ்வொரு துளையிலும் வைத்துச் சுற்றுவார். "கண்ணு ஏமாறும், பஞ்சு நழுவும், என் விரல் பொய் சொல்லாது" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. உண்மையை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். சிகிச்சை தொடங்கியது. அந்த மருந்து விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அந்தத் தாளை எங்களிடம் காட்டவில்லை. சிகிச்சைக்கு நடுவே ஆறு முன் சக்கரங்கள் செய்து கொடுத்தார். எண் 211 முதல் 216 வரை.

ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் 212-ஐக் கொண்டுவந்தார். ஒரு கம்பி கழுத்தில் அறுந்திருந்தது. "கம்பிதான் மட்டம் போல அக்கா" என்றார் அவர். அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து அந்தத் துளையைப் பார்த்தார். பிறகு மற்றத் துளைகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அம்மா படத்துக்கு விளக்கேற்ற வைத்திருந்த பஞ்சை எடுத்துவந்து தேய்த்தார். நான்கு இடத்தில் நூல் மாட்டியது.

"கம்பி நல்ல கம்பி. நான்தான் மட்டம்" என்றார்.

வாடிக்கையாளர் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன்.

"வெரல் மரத்துப் போச்சுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய நிறுத்துன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்! யாராவது விழுந்து செத்தா என்ன பண்ணுவ?"

"அதான்டா கேக்குறேன். மிச்சம் அஞ்சையும் கொண்டு வா. ஒருத்தரும் விழறதுக்குள்ள கொண்டு வா. எனக்கும் நாள் இல்ல."

நான் போய் அந்த நோட்டை எடுத்தேன்.

நோட்டில் பெயர்கள் இருந்தன. நான்கு சக்கரங்கள் இரண்டு வாரத்தில் வந்துவிட்டன. இரண்டு சுத்தமாக இருந்தன, இரண்டில் பிசிறு. அந்த நால்வரில் ஒருவர் மட்டும் முதலில் தர மறுத்தார். "ஆறு மாசமா ஓட்டுறேன் பாஸ், ஒண்ணும் ஆகல லா" என்றார். "ஆன பிறகு கொண்டு வருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, சக்கரத்தை நானே கழற்றினேன். மரியாதை இல்லாதவன் என்று என்னைப் பற்றி அவர் பேசியதாகக் கேள்வி. பேசட்டும்.

214 மட்டும் கிடைக்கவில்லை. வாங்கியவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சைக்கிளை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடையில் விற்றிருந்தார். கடை முதலாளியான சீனத் தவுக்கேவுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: வாங்கியது ஒரு தமிழ்ப் பெண், ஒரு வேனில் ஏற்றிப் போனார்கள். இரண்டு மாதம் தேடினேன். அக்கா மெலிந்துகொண்டே போனார். நான் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "கெடச்சிதா?" சாப்பாட்டைவிட அதைத்தான் கேட்டார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்கு யாரிடமும் மருந்து இல்லை.

அந்த 212 வாடிக்கையாளர்தான், பிரிக்ஃபீல்ட்ஸில் சைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் ரொட்டிக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். கடைக்காரர் பாய் என் கையிலிருந்த ஹப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"கல்லாவுக்குப் பக்கத்துல ஒட்டுறேன் தம்பி. காசு குடுக்காம ஒருத்தனும் போக முடியாது. பாத்துத்தான் ஆகணும்."

மேசையில் இருந்த ஒருவர் சிரித்தார். "என்ன பாய், காணாமப் போன வீலுக்கெல்லாம் நோட்டீஸா?"

"உன் பல்லு காணாமப் போறதுக்கு முன்னாடி உன் வீலக் குனிஞ்சு பாரு லா" என்றார் பாய்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் அழைத்தார். பந்திங்கில் ஒரு கிளினிக்கில் தாதி.

"அண்ணே, கூட வேல செய்ற அக்கா ரொட்டிக் கடையில ஒட்டியிருந்தத படம் புடிச்சு அனுப்புனாங்க. மூணு கோடு போட்ட ஹப்பு. என் சைக்கிள்ல இருக்கு. நம்பர் 214."

"கம்பி எதும் அறுந்துச்சாம்மா?"

"ரெண்டு போச்சு. பக்கத்துக் கடையில மாத்திட்டேன். நேத்து இன்னொண்ணு போச்சு. நாளைக்கு வேல முடிஞ்சு மாத்தலாம்னு…"

"நாளைக்கு அதுல ஏறாதம்மா. நான் இப்பவே வரேன்."

தோட்டத்துச் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்கு நடுவே அந்தப் பெண் தினமும் அதில் வேலைக்குப் போயிருக்கிறார். பந்திங் போய்ச் சேரும்வரை வழியில் எங்கும் நிறுத்தவில்லை. சக்கரத்தைக் கழற்றி என் காரில் வைத்த பிறகுதான் அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே அதை மடியில் வைத்தார். பஞ்சைத் தேய்த்தார். ஒன்பது துளைகளில் மாட்டியது. ஆறில் இதுதான் மோசமானது. இதுதான் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ள விழலையே?"

"விழல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட விழல அக்கா. நானே கேட்டேன்."

அக்கா சக்கரத்தை என்னிடம் தள்ளினார். "சரி. பசிக்குது. எதாவது குடு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். தங்கை ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். முழுவதும் சாப்பிட்டார்.

மறுநாள் ஆறு ஹப்புகளையும் என்னை அறுக்கச் சொன்னார். பிசிறு இல்லாத இரண்டையும் சேர்த்துத்தான். "மரத்த வெரலு செஞ்சது. அது நல்லா வந்தாலும் அதிர்ஷ்டம், வேல இல்ல" என்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி ஹப் இரண்டாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சைக்கு முன் செய்து, 210-க்குள் எண் குத்திய ஹப்புகள் அலமாரியில் இருந்தன. 212 வாடிக்கையாளரும் அவர் நண்பரும் வந்து, அக்கா திட்டத் திட்ட, ஆறு புதிய சக்கரங்கள் கட்டினார்கள். "கயிறு திரிக்கிற மாதிரி திருகாதடா, அது ஸ்போக்கு!" என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது. ஆறும் ஆறு பேரிடம் போய்ச் சேர்ந்தன. வெளிநாடு போனவருடையது தாதிக்குப் போனது.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு காலையில், தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். நான் அழுதேன். ஆனால் உள்ளே ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகும்போது அக்காவுக்குப் பயம் இல்லை.

நோயில் பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தாமான் அண்டைவீட்டாருக்கும், படம் ஒட்டிய பாய்க்கும், அழைத்த பந்திங் தாதிக்கும், திட்டு வாங்கிக்கொண்டே சக்கரம் கட்டிய இருவருக்கும், சக்கரத்தை உடனே திருப்பிக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொடுக்க மறுத்தவருக்கும் நன்றி. கடைசியில் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

இன்னொன்று. அக்கா செய்த சக்கரமெல்லாம் ஆபத்து என்று யாரோ சொல்ல, சிலர் கழற்றி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் ஹப்பில் எண்ணைப் பாருங்கள். 210 வரை எல்லாம் அக்காவின் விரல் பார்த்து அனுப்பியவை. அதற்கு மேல் ஒன்றும் வெளியில் இல்லை. என் கையால் அறுத்தேன். திரும்ப மாட்டுங்கள். நிம்மதியாக ஓட்டுங்கள்.