மலர் அக்கா கடக்காத பாலம்

சனிக்கிழமை காலை குணம் அண்ணாவிடமிருந்து போன் வந்தது. "மலர் போட்டா, தங்கச்சி" என்றார். நான் "எதைப் போட்டாங்கண்ணே?" என்று கேட்டேன். பதினொரு வருடம் யாழ்ப்பாணத் தமிழோடு பழகியும் அந்த நேரத்தில் என் திருச்சிக் காது என்னைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர்கள் தமிழில் அது 'போய்விட்டாள்' என்று எனக்கு உறைத்தது. மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் இப்படியொரு கேள்வி கேட்ட பாவி நான். இதை அக்கா கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிவமலர் அக்காவை உங்களில் பலர் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் தினமும் பென்டில் ஹில்லில் என்னோடு ரயிலேறும் சிநேகிதி. சிட்னி நகரத்தில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. என்னை அவர் 'நீர்' என்றுதான் அழைப்பார். எங்கள் ஊரில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மட்டுமே பேசும் சொல் அது. முதல் நாள் "நீர் சாப்பிட்டீரே?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன இளிக்கிறீர்? மரியாதையாத்தானே கேக்கிறன்" என்றார்.

கல்யாணமாகி ஆஸ்திரேலியா வருவதற்கு முன் மூன்று வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தவர் அவர். "அங்க முந்திரிகை புடுங்கினனான்" என்று ஒருநாள் சொன்னார். குளிர் நாட்டில் முந்திரி மரம் எப்படி என்று குழம்பி, ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன். அவர்கள் ஊரில் முந்திரிகை என்றால் திராட்சையாம். மோசல் ஆற்றங்கரையில், நிற்கவே முடியாத செங்குத்துச் சரிவில், முதுகில் கூடையோடு திராட்சை பறித்திருக்கிறார். "அவ்வளவு பழம் புடுங்கியும் ஒரு மிடறு வைன் குடிக்கேல்ல. அப்ப பயம். இப்ப குடிப்பன். இவருக்குச் சொல்லிப் போடாதையும்" என்றார்.

அந்தச் சரிவில் நின்று பார்த்தால் அக்கரையில் ஒரு சிறிய ஊர் தெரியுமாம். மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வீடுகள், ஜன்னல்தோறும் சிவப்புப் பூக்கள், மேலே ஒரு கோட்டை, ஊருக்குள் போக ஒரு கல் பாலம். ஆனால் பாலத்துக்கு அங்கால், அதாவது அந்தப் பக்கம், வேறு மாவட்டம். தஞ்சம் கேட்டவர்கள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். மூன்று வருடமும் அக்கா பாலத்தின் இந்தப் பக்கமே நின்றார். "அந்த ஊர் மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் எங்களுக்கும் கேக்கும். சத்தத்துக்குப் பெர்மிட் தேவையில்லைதானே" என்பார். சிட்னிக்கு வரப் புறப்பட்ட நாளிலும் பஸ் மற்றப் பக்கமாகவே போயிருக்கிறது. "ஒருக்கா அந்தப் பாலத்தால நடந்து போய், அங்கால ஒரு கோப்பி குடிக்க வேணும். அவ்வளவுதான் என்ர ஆசை."

இந்தப் பயணப் பேச்சு தொடங்கிய காலையில், ரயிலில், "ஜேர்மனிக்கு ஒருக்கா ஆறுதலாப் போகவேணும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு தவறிட்டாங்கக்கா?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் விழித்தார். பிறகு பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவர்கள் தமிழில் 'ஆறுதலாக' என்றால் அவசரப்படாமல், நிதானமாக என்று பொருள். அன்றிலிருந்து நான் லீவு கேட்டாலே "ஆருக்கு ஆறுதல்?" என்று கேலிதான்.

குணம் அண்ணா முதுகு வலிக்காரர், நெடுந்தூர விமானம் ஆகாது. ஆகவே நாங்கள் இருவர் மட்டும் போவதாக முடிவாயிற்று. ரயிலில் ஒரு கொப்பியில், எங்கள் ஊர்ப் பேச்சில் நோட்டில், திட்டம் எழுதினோம். ரைன் நதியில் படகு, பிறகு மோசல் கரை ஊர்கள், அறுவடை நடக்கும் செப்டம்பர். ஒன்பது நாளில் பதினொரு ஊர் என்று நான் போட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீர் என்ன தபால் குடுக்கப் போறீரோ?" என்று ஏழு ஊரை வெட்டினார். ஒரு ஊரில் இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

முதலில் குறித்த செப்டம்பரில் என் மகளின் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. "அடுத்த வருஷம் போலாம்க்கா" என்றேன். "பிள்ளையின்ர சோதனை முக்கியம். ஆறுதலாப் போவம்" என்றார். சென்ற செப்டம்பரில் என் வீட்டுச் சமையலறைக்குப் புது அலமாரி போட ஆட்கள் வந்தார்கள். அலமாரி, நண்பர்களே. அதற்காக ஒரு மனுஷியின் பாலத்தைத் தள்ளிவைத்தேன். அப்போதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "பிரச்சினை இல்லை. ஆறுதலாப் போவம்" என்றார். அலமாரிகள் அழகாகத்தான் இருக்கின்றன. திறக்கும்போதெல்லாம் என்னையே அறையத் தோன்றுகிறது.

இந்த செப்டம்பருக்கு டிக்கெட் எடுத்த இரண்டாம் மாதம் அவருக்கு நோய் என்று தெரிந்தது. கணையம். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "கொப்பி கொண்டந்தனீரே?" என்று கேட்டார். கொடுத்தேன். இன்னும் இரண்டு ஊரை வெட்டினார். "படகும் வேண்டாம். பாலத்தை மட்டும் வெட்டாதையும்" என்றார். நான் அழுதேன். "என்ன இது, நான்தானே வருத்தக்காரி" என்று, நோயாளிக்கு அவர்கள் ஊரில் வழங்கும் சொல்லால் அதட்டி, கொப்பியைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இறுதிச் சடங்கு முடிந்து வீட்டுக்குப் போனோம். வந்தவர்கள் எல்லாரும் குணம் அண்ணாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவரோ எழுந்து வந்து அந்தக் கொப்பியை என் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில் அக்காவின் சாய்ந்த எழுத்து: "பாலம். காலமை. வெயில் வரமுதல். இவள் ஓடுவாள், பிடிச்சு நிப்பாட்ட வேணும்."

"அவ இல்லாம நீங்கள் போவீங்களோ தெரியாது. அவசரமில்லைத் தங்கச்சி. ஆறுதலாப் போங்கோ" என்றார் அண்ணா.

"இல்லண்ணே. டிக்கெட்ட மாத்தல. இந்த செப்டம்பரே போறேன்" என்றேன்.

இனி என்னை 'நீர்' என்று அழைக்க யாருமில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கொப்பியும், வெட்டியதுபோக நின்ற இரண்டு ஊர்களும், ஒரு பாலமும்தான். அங்கால் போய் இரண்டு கோப்பி வாங்குவேன், அக்கா. ஓட மாட்டேன். மெல்லத்தான் நடப்பேன். அதற்கான உங்கள் சொல்லை, எங்கள் ஊரில் துக்க வீட்டில் சொல்லும் அந்தச் சொல்லை, எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.