'நாட் சீன்' மூட்டிய சண்டை

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறோம். கம்பெனி கேப் ஓட்டும் என் கணவருக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம் வேறு. டாக்டர் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சதையைத் துளித்துளியாகக் கிள்ளி லேபுக்கு அனுப்பினார். "குடல் புண் நோய் மாதிரி தெரியுது. எதுக்கும் கேன்சர் இல்லேன்னு உறுதி பண்ணிக்கலாம்" என்றார். அதில் 'கேன்சர்' மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'இல்லே' விழவே இல்லை.

ரிப்போர்ட் வாங்க இருவரும் போனோம். கவுன்டரிலேயே பிரித்துவிட்டேன். புரியாத வார்த்தைகளுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்று இருந்தது. டிஸ்பிளேசியா, நாட் சீன். மாலிக்னன்சி, நாட் சீன். பார்க்கவில்லையாம்! பட்டினி போட்டு, பேதி மருந்து குடிக்கவைத்து, சதையையும் எடுத்துக்கொண்டு, பார்க்கவே இல்லை என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கவுன்டரில் இருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா இது? கிள்ளி எடுக்கத் தெரியுது, பாக்கத் தெரியாதா?"

சத்தம் கேட்டு, சதையைப் பரிசோதித்த லேடி டாக்டரே வெளியே வந்தார். கன்னடக்காரர். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"சொல்ப, கொஞ்சம் இருங்கம்மா. நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"கார்மென்ட்ஸ்ல செக்கிங்."

"சட்டையில ஓட்டை காணோம்னு நீங்க சொன்னா, சட்டையையே பாக்கலேன்னு அர்த்தமா?"

ரிப்போர்ட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். அந்தப் புரியாத வார்த்தைகள் கேன்சரும் அதற்கு முந்தைய கட்டமுமாம். தேடித் தேடிப் பார்த்தும் கேன்சரைக் காணோம். அதுதான் 'நாட் சீன்'. சந்தோஷத்தைச் சொல்லத் திரும்பினால், என் கணவரையும் காணோம். வேறெங்கே போயிருப்பார், டாய்லெட்தான்.

அவர் வந்ததும் டாக்டர் எங்களை உள்ளே அழைத்து மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிச் சுரப்பிகள். நல்ல குடலில் வரிசைகட்டி நிற்குமாம். இவருக்கோ கோணல்மாணலாகக் கிடந்தன, அவற்றுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் புகுந்திருந்தன.

"ஆபீஸ் விடற டைம்ல ஓசூர் ரோடு மாதிரி இருக்குது மேடம்" என்றார் இவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஜாம்தான், ஆக்சிடென்ட் இல்லே. மருந்தை நிறுத்தாதீங்க, கன்ட்ரோல்ல இருக்கும்."

நான் மட்டும் அழுதேன். அவ்வளவு நாள் அடக்கிவைத்த பயம்.

இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். தினமும் காலையில் வண்டிச் சாவியைத் தேடி, "காணோம்!" என்று வீடே அதிரக் கத்துகிறார். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் என் வாழ்க்கையிலேயே நல்ல சேதி சொன்ன வார்த்தை அது என்று நினைத்துக்கொண்டு, சாவியை நானே தேடிக் கொடுத்துவிடுகிறேன்.