மேடையில் மன்னித்த குரியாக்கோஸ்

கட்டப்பனைக்கு மேலே எங்கள் மலைப் பங்கில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும் ஜீப்பை நான் ஓட்டுகிறேன். குரியாக்கோஸ் சேட்டன் அதில் தினமும் வருவார். விடியுமுன் ஜெபம், பகலில் சேவை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியான மையத்தில் சாட்சி. ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று அவர் மேடையில் சொல்லும்போது கூட்டம் விம்மும். குடித்தது, ஜெயிலுக்குப் போனது, மனைவி லிஸி இத்தாலிக்குப் போய்விட்டது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பினது என் கூடப் பிறந்த சேச்சி. அவங்களை நான் மன்னிச்சுட்டேன்."

அந்தச் சேச்சி ஏலிக்குட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாளிலும் அப்படியே சொன்னார். கையை நீட்டி அவரைக் காட்டவும் செய்தார். அதற்குப் பிறகு ஏலிச்சேச்சி பால் வாங்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தம்பியை விற்ற யூதாஸ் என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள்.

சாட்சியில் வராத ஒன்று உண்டு. ஏலக்காய் உலர்த்தும் சூளைக்கு வைத்திருந்த விறகை எடுத்துக் குரியாக்கோஸ் லிஸியின் தலையில் அடித்தார். அன்றோடு அவளுடைய இடது காது கேட்காமல் போயிற்று. மயங்கிக் கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடுவரை இறங்கியவர் ஏலிச்சேச்சி. கோர்ட்டில் கண்டதைச் சொன்னார். அவர் செய்த துரோகம் அவ்வளவுதான்.

ஏலிச்சேச்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாயில் புற்று வந்து படுக்கையில் விழுந்தபோது பார்க்க ஆளில்லை. குரியாக்கோஸ் தானாகவே வந்தார். கஞ்சி ஊட்டினார், மலம் எடுத்தார், துணி மாற்றினார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. கூடவே ஜெபக்குழுவையும் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தினார்.

"ஆண்டவரே, இந்த மகளோட பாவத்தை மன்னியும்."

தாடையை ஒரு கையால் தாங்கினால்தான் ஏலிச்சேச்சிக்குப் பேச வரும். "எந்தப் பாவம்டா, குரியா? விவரமா சொல்லி ஜெபி. ஊருல எத்தனையோ ஏலிக்குட்டி இருக்கா. ஆள் மாத்தி மன்னிச்சிடப் போறார்."

ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். குழு போன பிறகு ஏலிச்சேச்சி தம்பியை அருகில் கூப்பிட்டார்.

"லிஸியை நீ அடிச்சது நிஜம்னு சொல்லு. ஊருக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லு."

"அது ஆண்டவர் கழுவின பாவம், சேச்சி. அதைக் கிளற நீங்க யாரு?"

"கழுவினது சரி. அவளுக்குக் காது கேக்குதா?"

குரியாக்கோஸ் துணியை வெந்நீரில் பிழிந்து அக்காவின் மோவாயைத் துடைத்தார். பூவைத் தொடுவதுபோல் துடைத்தார்.

"நான் சாகும்போது நீ ஜெபம் சொல்லாதே," என்றார் ஏலிச்சேச்சி.

அதையும் அவர் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று உரக்க ஜெபித்தார். ஏலிச்சேச்சியின் கை மெல்ல எழுந்து காதை நோக்கிப் போயிற்று. குரியாக்கோஸ் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மூச்சு அடங்கும்வரை விடவில்லை. தம்பின்னா இப்படி இருக்கணும் என்று பெண்கள் அழுதார்கள்.

அடக்கம் முடிந்து ஜீப்பில் திரும்பும்போது எங்கள் பங்குக் குருவான அச்சன் கேட்டார். "அவங்க கையை எதுக்குப் புடிச்சீங்க?"

"ஆறுதலுக்கு, அச்சனே."

"காதைப் பொத்த வந்த கை அது. உங்களுக்கும் தெரியும்."

குரியாக்கோஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மழையில் நடந்தே வீட்டுக்குப் போனார். சில நாள் ஜெபத்துக்கும் வரவில்லை, ஜீப்புக்கும் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மேடையேறினார்.

"என் சேச்சி என்னைக் காட்டிக்கொடுக்கலை. நான் லிஸியைக் கொல்லப் பார்த்தேன், அவங்க காப்பாத்தினாங்க. மன்னிச்சேன்னு சொல்லிச் சொல்லியே அவங்களை ஊருக்கு ஆகாதவங்களா ஆக்கினேன். சாகுற நேரத்துலயும் விடலை."

யாரும் அழவில்லை. பாடகர் குழு அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கியது. மையத்தை நடத்தும் ஜோய்க்குட்டி அவரை ஓரமாக இழுத்துப்போனார். "இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல அச்சன் காதுல சொல்றது, சேட்டா. குடும்பமா வர்ற இடம். பழைய சாட்சியே நல்லா இருந்துச்சே." அதன்பின் அவருக்கு மேடை கிடைக்கவில்லை.

இத்தாலிக்குப் போன் செய்து, மேடையில் சொன்னதையே லிஸியிடமும் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எனக்கெதுக்குச் சொல்றீங்க, குரியச்சா? அடி வாங்கினது நான்தானே," என்றாள் லிஸி. "ஏலிச்சேச்சி இருந்தப்போ சொல்லியிருக்கணும்." வைத்துவிட்டாள்.

இப்போதும் அவர் ஜீப்பில் வருகிறார். சில வீடுகளில் விடுகிறார்கள், சில வீடுகளில் இல்லை. போன வாரம், படுக்கையில் கிடக்கும் கிழவர் மத்தாயியின் மருமகள் அவரை வாசலிலேயே மறித்தாள். "நர்ஸ் மட்டும் வரட்டும், சேட்டா. பொண்ணுங்க இருக்கிற வீடு."

குரியாக்கோஸ் கையிலிருந்த வெந்நீர் வாளியை எங்களோடு வந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மத்தாயி கேட்டது எங்களுக்குக் கேட்டது. "குரியாக்கோஸ் எங்க? அவன் கை பட்டா வலிக்காதே."

"அவருக்கு உடம்பு சரியில்ல, அப்பச்சா."

புதிய நர்ஸ், கை இன்னும் பழகவில்லை. கிழவர் அலறினார். அலறல் ஓயும்வரை குரியாக்கோஸ் இரண்டு கையாலும் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, அடுத்த வீடு எது என்று என்னிடம் கேட்டார்.