மிச்சமான ஒரு போல்ட்

பஸ் அக்கா என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, குறுக்கே பூனை வந்தாலும் நின்று வழிவிட்டுப் போகிறவள். அவளே ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவாள் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவள் ஓட்டுவது, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு பழைய பந்தயக் கார். தையல்காரரான அவள் கணவர் அதற்கு வைத்த பெயர் மூத்தவர். "எனக்கு முன்னாடியே உன் மனசுல இடம் பிடிச்சவர் இல்லையா, மரியாதையாத்தான் கூப்பிடணும்" என்பார். ஒரு சுற்று வாருங்கள் என்றால் மட்டும், "மூத்தவர் மடியில நான் உக்கார மாட்டேன்" என்று தையல் மெஷினுக்குப் பின்னால் பதுங்கிவிடுவார். கேலி பாதி, பயம் பாதி.

வினை, இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்த பிறகுதான் ஆரம்பித்தது. வண்டி சூடானதும் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு தட்டல். புதுப்பித்த இடத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் பிரமாதம். "புது இன்ஜின்மா, ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். ஓடியது, சத்தமும் கூடவே ஓடியது. இரண்டாவது இடத்தில் பேரிங் போச்சு என்று மறுபடி பிரித்தார்கள். மாற்றியும் தட்டல் போகவில்லை. "நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்றான் அங்கிருந்த ஒருவன். இருபத்தைந்து வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவளிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பது, அதற்கும் சரியாகாவிட்டால் காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மிச்சம் இருந்தது டமாரத்தின் பட்டறைதான். காது சரியாகக் கேட்காததால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். தினமும் இரண்டு தடவை பஸ்ஸில் அந்தப் பட்டறையைத் தாண்டுகிறாள். காது கேளாதவனிடம் சத்தத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று எண்ணி அங்கே நுழையாமலே போனதை நினைத்தால் இன்றும் அவளுக்கு வெட்கம்.

டமாரம் பேச்சை வளர்க்கவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்தி, எலும்பு வழியே அதிர்வைக் கேட்டான்.

"கிளட்ச்சை மிதிங்கக்கா. விடுங்க. இன்னொரு தடவை மிதிங்க." மிதித்தால் தட்டல் மாறியது, விட்டால் திரும்ப வந்தது.

"சத்தம் இன்ஜினுக்குள்ள இல்லக்கா. வாலுல இருக்கு."

இன்ஜினின் வால்பக்கம் சுழலும் கனத்த சக்கரம், ஃப்ளைவீல். கழற்றிக் காட்டினான். மையத்தில் மயிரிழை போல விரிசல். முந்தைய இரண்டு இடத்திலும் இன்ஜினைக் குடைந்துவிட்டு இதே சக்கரத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்! புதுச் சக்கரம் போட்டான், எட்டுப் புது போல்ட்டோடு. அன்று வீடு வரை அவள் பாட்டுப் போடவில்லை. சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் டமாரம் கெட்டிக்காரன் என்பதோடு போயிருக்கும்.

ஞாயிறு பந்தயம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு பஸ் கிளம்பும் நேரம், வாசலில் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு டமாரம் நின்றான். வேர்த்து விறுவிறுத்திருந்தான். ஃபோனில் பேசினால் அவனுக்குப் புரியாது. ஜன்னலருகே வந்து உள்ளங்கையை விரித்தான். பளபளவென்று ஒரு புது போல்ட்.

"பாக்கெட்ல இது மிச்சம் இருக்குக்கா. எட்டும் உள்ள போயிருக்கணும். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்க முதல்ல ஒரு பழைய போல்ட்டைப் போட்டேன். அதைக் கழட்ட மறந்துட்டேன். ஒருதடவை முறுக்கின போல்ட் அது, வேகத்துல நம்ப முடியாது. தப்பு என்னோடது. இனிமே எங்கிட்ட வராதீங்க, பரவாயில்ல. மாத்தாம மட்டும் வண்டியை எடுக்காதீங்க."

பிள்ளைகள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொன்னார்கள். தப்பு என்னோடது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. இவன் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? தடத்தில் சக்கரம் சிதறினாலும், நீ ஓட்டிய விதம் அப்படி என்று முடித்திருப்பார்கள்.

"இனிமே வேற எங்கயும் போறதா இல்ல தம்பி!" என்று அவன் காதருகே கத்தினாள்.

"கத்தாதீங்கக்கா. உதட்டைப் பாத்தாலே தெரியுது."

சனிக்கிழமை அவள் பக்கத்திலேயே நிற்க, டமாரம் மறுபடி கழற்றி எட்டையும் எண்ணி மாட்டினான். வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேலி எதுவும் வரவில்லை.

ஞாயிறு காலை அவள் காரைக் கிளப்பியபோது அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"பெல்ட்டை எப்படிப் போடணும்?" என்றார்.