நாலடி அகலப் படிக்கட்டு

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. லாப்டாப்பைத் திறந்து படிக்கட்டை அகலப்படுத்தத் தொடங்கிவிடுவேன்.

சிகாமட்டில் எங்கள் வரிசை வீடு ஆற்றுக்குப் பக்கம். போன வெள்ளத்தில் தண்ணீர் கூடத்துக்குள் ஏறியபோது, பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் அவர் தம்பியும் என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவர் என் கணவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படி திரும்பும் இடத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. "பெலான், பெலான்" என்று அண்ணன் மெதுவாகத் தூக்கச் சொல்ல, தம்பி அவசரப்பட, நான் முழங்கால் தண்ணீரில் நின்று எல்லோரையும் திட்டினேன். என் கணவர் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தப் படியை இடித்துக் கட்டப் போகிறோம். கான்ட்ராக்டர் வரைபடம் கேட்டார். நானே போடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். வீடு வரையும் மென்பொருளில் படியின் அகலத்தை மாற்றினால் போதும், படியை ஒட்டிய அறைச் சுவர் தானாக நகரும். மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், அதைத் தொட முடியாது. மூன்றடி போட்டேன். மூன்றரை. நாற்காலியின் இரு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டுமே. திரையில் ஒரு பொம்மை மனிதன் கைவீசிக்கொண்டு தனியாகப் படியேறுவான். அவனைப் பார்த்தாலே எரிச்சல். நான் வேலை செய்யும் கிளினிக் கவுண்டரில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும்போதும் மனசு படியைத்தான் அளந்துகொண்டிருந்தது.

நாலடி ஆனதும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

"அலமாக், கல்யாண மண்டபமா கட்டுற?"

"சிரிங்க, சிரிங்க. அடுத்த தடவ மாட்டிக்காம ஏறிப் போலாம்."

"சரி, என் கட்டில் எங்க?"

படியை ஒட்டிய முன்னறைதான் அவருடையது. கட்டில் ஜன்னலோரம். ரோட்டில் போகிறவர்கள் நின்று அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் படியை இழுக்க இழுக்க அந்த அறை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கட்டில் சுவரில் இடிக்கிறது என்று மென்பொருள் சிவப்பில் காட்டியபோது, தொல்லை விட்டது என்று கட்டிலை அழித்தவளும் நான்தான். கட்டிலுக்கு மிச்சம் இருந்தது துடைப்பம் வைக்கிற இடம்தான்.

"மாடியில போட்டுக்கலாம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மாடிக்கு எவன் வந்து என்கிட்ட பேசுவான்?"

"தண்ணி வந்தா? தண்ணி வந்தா என்னா செய்றதுன்னு நீங்களே சொல்லுங்க!" கத்திவிட்டேன்.

"தண்ணி எப்பவாச்சும்தான் வரும் லா. மத்த நாளெல்லாம் நான் எங்க இருக்கிறது?"

அழுகை வந்தது. கோபம்தான், வேறொன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

படியை மூன்றடிக்கே குறைத்தேன். கட்டிலைத் திரும்பப் போட்டேன்.

"கொஞ்சம் இப்படித் திருப்பு, ரோடு தெரியட்டும்" என்றார்.

திருப்பினேன். அடுத்த வெள்ளத்துக்கு அவரை எப்படித் தூக்குவோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் கேட்கவில்லை.